ஒரு பனியனுக்குள் எத்தனை மெகாஜூல்?

கேள்வி இதுதான்: "எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்தான் வருகிறது. ஆனால் உடுத்தும் துணி, கட்டிய வீடு, வெட்டிக்கொள்ளும் முடி என்று எல்லாவற்றுக்குள்ளும் ஆற்றல் பொதிந்திருக்கிறது என்கிறார்கள். அதை எப்படி அளக்கிறார்கள்? அந்த எண்ணை நம்பலாமா? எங்கள் ஃபிரிட்ஜுக்கு 15 வயது. புதிது வாங்கினால் ஆற்றல் கணக்கில் லாபமா, நஷ்டமா?"

நான் கோவை, திருப்பூர்ப் பக்கம் ஆலைகளில் ஆற்றல் தணிக்கை செய்கிறவன். எனக்குக் கையோடு பழகிய பொருள் பனியன் (டி-ஷர்ட்டையும் இங்கே அப்படித்தான் சொல்வோம்) என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். பதில் கொஞ்சம் நீளும். ஃபிரிட்ஜ் கடைசியில் வரும்.

முதலில் அளவுகோல். கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். ஆனால் அனல்மின் நிலையத்தில் அந்த ஒரு யூனிட்டை எடுக்க ஏறத்தாழ மூன்று மடங்கு நிலக்கரி வெப்பம் எரிய வேண்டும். மீதி இரண்டு பங்கு புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் தண்ணீர் வழியாகவும் போய்விடுகிறது. அதனால் ஒரு யூனிட்டுக்கு 10.8 மெகாஜூல் எரிபொருள் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல். இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் கீழே வரும் கணக்குகளை நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம்.

பொதிந்த ஆற்றல் என்றதும் பொருளுக்குள் ஏதோ ஒளிந்து உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். அப்படி இல்லை. பனியனைக் கொளுத்தினால் வரும் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அந்தப் பனியன் நம் கைக்கு வந்து சேரும்வரை வழியெங்கும் எரிந்துபோனது எவ்வளவு என்பதுதான் கேள்வி. செலவுக் கணக்கு இது, இருப்புக் கணக்கு அல்ல. செலவுக் கணக்கு எழுதுகிறவர் எந்தத் தேதியிலிருந்து எழுதினார், எதை விட்டார் என்று கேட்காமல் மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இங்கேயும் அப்படித்தான்.

சரி, பருத்திக் காட்டுக்குப் போவோம். வீரிய ஒட்டுப் பருத்திக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து. ஆக 260 கிலோ யூரியா. யூரியா செய்ய இயற்கை எரிவாயுதான் மூலப்பொருள், அதுவேதான் எரிபொருளும். 2015இல் வந்த மத்திய அரசின் யூரியா கொள்கை, நன்றாக ஓடும் ஆலைகளுக்கு டன்னுக்கு 5.5 ஜிகா கலோரி என்று இலக்கு வைத்தது. கிலோவுக்கு 23 மெகாஜூல். டிவிஎஸ் 50 பின்னால் கட்டிக்கொண்டு போகும் ஒரு 45 கிலோ மூட்டை யூரியாவில் 1,035 மெகாஜூல், அதாவது 29 லிட்டர் டீசலுக்குச் சமமான ஆற்றல் போயிருக்கிறது. அந்த மூட்டையை இனி அப்படிப் பாருங்கள், உழவில் டிராக்டர் குடிக்கும் டீசலைவிட உரம் எவ்வளவு பெரிய செலவு என்பது புரியும்.

ஹெக்டேருக்கு 260 கிலோ யூரியா என்றால் 6,000 மெகாஜூல். இந்தியச் சராசரியில் ஒரு ஹெக்டேரில் 450 கிலோ பஞ்சு கிடைக்கிறது. வகுத்தால் கிலோ பஞ்சுக்கு 13 மெகாஜூல். முடிந்ததா? இல்லை. செடியிலிருந்து பஞ்சு மட்டுமா வருகிறது? விதைப் பருத்தியில் எடைக்கு மூன்றில் இரண்டு பங்கு விதைதான். அது எண்ணெய்க்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. அப்படியானால் யூரியாவின் கணக்கில் பனியனுக்கு எவ்வளவு, பருத்திக்கொட்டை தின்னும் மாட்டுக்கு எவ்வளவு? எடையை வைத்துப் பிரித்தால் பஞ்சுக்கு 4 மெகாஜூல் சொச்சம். விலையை வைத்துப் பிரித்தால், அன்றைய சந்தையைப் பொறுத்து, 9 அல்லது 10. பிரிக்காமல் முழுவதையும் பஞ்சின் தலையில் போட்டால் 13. ஒரே காடு, ஒரே மூட்டை, மூன்று விடை. மூன்றில் எதுவும் பொய் இல்லை. விவசாயி எதற்காகப் பருத்தி போடுகிறார் என்று பார்த்தால் விலைப்படி பிரிப்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது, அதனால் 9 என்று எடுத்துக்கொள்கிறேன். வேறொருவர் வேறு மாதிரி எடுப்பார். எப்படி எடுத்தோம் என்று எழுதிவைப்பது மட்டும் கட்டாயம்.

அடுத்து நூற்பாலை. அங்கே எல்லோர் வாயிலும் இருக்கும் சொல் யூ.கே.ஜி. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்பதன் சுருக்கம். நம்பர் கூடக்கூட, அதாவது நூல் மெலிய மெலிய, யூனிட் ஏறும். பஞ்சை முறுக்கி நூலாக்கும் ரிங் ஃபிரேம் இயந்திரம்தான் அதில் பெரும்பங்கைத் தின்னும். பனியனுக்குப் போகும் 30ஆம் நம்பர் நூலுக்கு 3 யூனிட் என்று வைக்கலாம். எரிபொருளாக மாற்றினால் 32 மெகாஜூல். ஆனால் இங்கே இன்னொரு சிக்கல். நம் பக்கத்து ஆலைகளில் பலவற்றுக்குச் சொந்தக் காற்றாலை உண்டு, பல்லடம் பக்கமோ முப்பந்தல் பக்கமோ நிற்கும். காற்றாலையில் நிலக்கரி எரிவதில்லை, மூன்று மடங்கு என்ற பேச்சே இல்லை. அப்போது அதே 3 யூனிட் வெறும் 10.8 மெகாஜூல்தான் என்பார் ஒருவர். காற்றாலை மின்சாரம் இந்த ஆலைக்குப் போகாவிட்டால் வேறெங்காவது நிலக்கரியை மிச்சப்படுத்தியிருக்குமே, அதனால் 32 என்றே எழுது என்பார் இன்னொருவர். உலக அளவிலான ஆற்றல் புள்ளிவிவரங்களிலும் இந்த இரண்டு கட்சியும் இருக்கின்றன. இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும்போது முதலில் இதைத்தான் பார்ப்பேன். மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த அதிசயம் பல சமயம் இயந்திரத்தில் நடந்திருக்காது, பெருக்கலில் நடந்திருக்கும்.

நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங்குக்கு அதிகம் ஆகாது, கிலோவுக்குக் கால் யூனிட் போல. அப்புறம் சாயப்பட்டறை. இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பட்டறையில் கரண்ட் பில் அக்கவுண்ட்ஸ் அறையில் ஃபைலில் பத்திரமாக இருக்கும். விறகுக் கணக்கு அப்படி இருக்காது. லோடு இறங்கியதும் எடைமேடைச் சீட்டைப் பாய்லர் ரூம் சுவரில் ஒரு கம்பியில் குத்தி வைப்பார்கள். கரி படிந்து, வியர்வை பட்டு, பாதி எண்கள் அழிந்திருக்கும். ஆற்றலில் பெரிய பங்கு அந்தக் கம்பியில்தான் தொங்குகிறது. அந்தச் சீட்டில் உள்ள எடையும் நேரானது இல்லை. ஐப்பசி கார்த்திகையில் வரும் லோடைக் கையில் எடுத்துப் பாருங்கள், பட்டை உரிந்த இடத்தில் விரல் ஈரமாகும். அந்த விறகில் ஒரு கிலோவுக்குக் கால் கிலோவுக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கிய பிறகுதான் மிச்ச விறகு பாய்லரைச் சூடாக்கும். சித்திரையில் ஒரு டன், கார்த்திகையில் ஒரு டன் இரண்டும் சீட்டில் ஒன்று, அடுப்பில் ஒன்றல்ல. ஈரம் பார்க்காமல் எடையை மட்டும் பெருக்கி எழுதிய அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும்.

விறகை நம்ப முடியாவிட்டால் தண்ணீரிலிருந்து கணக்குப் போடலாம். ஒரு கிலோ துணிக்கு ஒரு முறை 6 லிட்டர் தண்ணீர் பிடிப்பார்கள். வெளுப்பது, சாயம் ஏற்றுவது, சோப்பு போடுவது, அலசுவது என்று அடர்ந்த நிறத்துக்குப் பத்துத் தடவை போல மாறும். அதில் நான்கு தடவை நன்றாகச் சூடாக்க வேண்டும். 24 லிட்டர் தண்ணீரைச் சராசரியாக 50 டிகிரி ஏற்ற 5 மெகாஜூல் போதும். பாய்லரிலும் நீராவிக் குழாயிலும் அதே அளவு வீணாகும் என்று வைத்தால் 10. பிழிந்த துணியில் இருக்கும் ஈரத்தை உலர்த்த இன்னும் 5, கசிவுக்கும் வீணாக விடும் நீராவிக்கும் 2 சேருங்கள். மொத்தம் 17 மெகாஜூல். துணியின் எடைக்கு மேல் கொஞ்சம் விறகு.

பத்துத் தடவை பிடித்த 60 லிட்டர் தண்ணீர் எங்கே போயிற்று? ஒரு காலத்தில் நொய்யல் ஆற்றுக்குப் போயிற்று. சாயக்கழிவு தேங்கி அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணை என்ன ஆனது என்பது இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற விதி கண்டிப்பானது. இப்போது கழிவுநீரை ஆர்.ஓ.வில் விட்டு 85 சதவீதம் போல நல்ல தண்ணீராகத் திரும்ப எடுக்கிறார்கள். மீதி 9 லிட்டர் உப்புக் கரைசல். கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு போட்டுச் சாயம் ஏற்றினால் அது எங்கேயோ வரத்தானே வேண்டும்? அந்த 9 லிட்டரைச் சும்மா கொதிக்கவைத்து வற்றவிட்டால் 20 மெகாஜூல் ஆகும். நான்கைந்து கலன்களை வரிசையாக வைத்து ஒன்றின் ஆவியால் அடுத்ததைச் சூடாக்குவதால் 5இல் முடிகிறது. ஆர்.ஓ. பம்புக்கு இன்னொரு 3.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், பொதிந்த ஆற்றல் எண்ணைப் படிக்கிறவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான் இருக்கிறது. கழிவுநீரைத் திருட்டுத்தனமாக வாய்க்காலில் திறந்துவிடும் பட்டறையின் பனியனுக்கு அந்த 8 மெகாஜூல் கிடையாது. கணக்குப்படி அதுதான் "சிக்கனமான" பனியன். ஆற்றைக் காப்பாற்றிய பட்டறை அட்டவணையில் பின்னால் நிற்கும். மெகாஜூலுக்கு மெகாஜூல் மட்டும்தான் தெரியும், நொய்யல் தெரியாது. குறைந்த எண் எல்லாம் நல்ல எண் என்று யாராவது சொன்னால், தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

கூட்டலாம். பஞ்சு 9, நூல் 32, நிட்டிங் 3, சாயத்துக்கு வெப்பம் 17, கழிவுநீருக்கு 8, பட்டறை மோட்டார்களிலிருந்து தையல் மெஷின், இஸ்திரி வரை மின்சாரம் ஒரு 10. ஏறத்தாழ 80 மெகாஜூல். ஒரு கிலோ நூலில், கட்டிங் வேஸ்ட் போக, ஐந்து பனியன். ஆக ஒரு பனியனுக்கு 16 மெகாஜூல், அரை லிட்டர் டீசலுக்கும் கொஞ்சம் குறைவு. நூற்பாலைக்கு மட்டும் காற்றாலைக் கணக்கைப் போட்டால் 12.

தூத்துக்குடியில் கப்பல் ஏறி ஐரோப்பா போய்ச் சேர 12,000 கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் பெரிய கப்பலில் ஒரு பனியனுக்கு அரை மெகாஜூல்கூட ஆகாது, கப்பல் அவ்வளவு சிக்கனம். ஆர்டர் தாமதமாகி, சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் கதை வேறு. 12 மெகாஜூல் போல ஆகும். பருத்தி விதைத்ததிலிருந்து பெட்டி கட்டியதுவரை ஆன அத்தனை செலவில் முக்கால் பங்கு ஒரே ராத்திரியில் வானத்தில் எரிந்துபோகிறது. ஒரு வாரத் தாமதத்தின் விலை அது.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். அதே பனியனை வீட்டில் ஒவ்வொரு தடவையும் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியில் மூன்று நிமிடம் தேய்த்து, 50 தடவை போடுகிறீர்கள் என்றால் இரண்டரை யூனிட், 27 மெகாஜூல். பனியன் செய்ததைவிடத் தேய்த்ததற்குச் செலவு அதிகம். பனியனைத் தேய்க்காமல் உதறிக் காயப்போட்டு மடித்து வைக்கலாம்.

இதுவரை செய்ததற்குப் பெயர் செயல்முறைப் பகுப்பாய்வு. பொருளின் பின்னாலேயே நூல் பிடித்துப் போய், நின்ற இடத்தில் எல்லாம் மீட்டரைப் படிப்பது. கண்ணால் பார்த்த கணக்கு என்பதால் இதன்மேல் எனக்குப் பிரியம் அதிகம். ஆனால் இதற்கு ஒரு தீராத குறை. நான் எங்கே நின்றேன் பாருங்கள். சாயம் செய்த ரசாயன ஆலையைச் சேர்க்கவில்லை. உப்பையும் சோடாவையும் சேர்க்கவில்லை. ரிங் ஃபிரேம் செய்த இரும்பு, ஆலைக் கட்டடத்தின் சிமென்ட், ஆடிட்டர் அலுவலக ஏ.சி., இன்சூரன்ஸ், அட்டைப்பெட்டி, கடையின் விளக்கு எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் துளிதான். ஆனால் துளிகள் ஆயிரக்கணக்கில். நூலைப் பாதியில் அறுத்துவிடும் இந்தப் பிழை சில பொருள்களில் மொத்தத்தில் பாதிவரை போகும் என்று ஆஸ்திரேலியாவில் மன்ஃபிரெட் லென்சன் 2000இல் காட்டினார்.

சேவைகளுக்கு இந்த வழி இன்னும் சிரமம். முடிவெட்டுவதில் எந்த நூலைப் பிடிப்பது? கத்தரிக்கோலையா, நாற்காலியையா, கடை வாடகையையா? ஆஸ்பத்திரி பில்லில் எதிலிருந்து தொடங்குவது?

அதற்கான வழி பொருளாதாரத்திலிருந்து வந்தது. வாசிலி லியோன்டிஃப் என்ற பொருளாதார அறிஞர் 1936இல் அமெரிக்காவுக்கு ஓர் அட்டவணை போட்டார். நாட்டின் தொழில்கள் எல்லாம் வரிசையாகவும், அதே தொழில்கள் பத்தியாகவும். எந்தத் தொழில் எந்தத் தொழிலிடமிருந்து எத்தனை டாலருக்கு வாங்கியது என்று கட்டத்துக்குக் கட்டம். உள்ளீட்டு-வெளியீட்டு அட்டவணை என்பார்கள். 1973இல் அவருக்கு நோபல் பரிசு. அதே வருடக் கடைசியில் எண்ணெய் நெருக்கடி. ஒவ்வொரு பொருளிலும் எவ்வளவு எண்ணெய் போகிறது என்று தெரிந்தே ஆக வேண்டிய நிலை. அப்போது இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிளார்க் புல்லார்ட், ராபர்ட் ஹெரண்டீன் இருவரும் அந்த அட்டவணையோடு ஆற்றலைச் சேர்த்து, அமெரிக்கப் பொருளாதாரத்தின் 357 துறைகளுக்கும் டாலருக்கு எவ்வளவு ஆற்றல் என்று கணக்கிட்டு 1975இல் வெளியிட்டார்கள்.

எப்படி என்பதை ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். எண்கள் புரிவதற்காக நானே வைத்தவை. நாட்டில் இரண்டே தொழில், இரும்பு ஆலையும் லாரி கம்பெனியும். ஒரு ரூபாய் இரும்பு செய்ய ஆலையின் உலையில் 4.5 மெகாஜூல் எரிகிறது, அதோடு லாரிக்கு 20 பைசா வாடகை. ஒரு ரூபாய் லாரி வாடகைக்கு 2 மெகாஜூல் டீசல், அதோடு பட்டை, போல்ட், உதிரி என்று 10 பைசாவுக்கு இரும்பு. இப்போது இரும்பின் முழு ஆற்றலைக் கண்டுபிடிக்க லாரியின் முழு ஆற்றல் தெரிய வேண்டும், லாரிக்கு இரும்பு தெரிய வேண்டும். நூல் பிடித்துப் போனால் இரும்பிலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து இரும்புக்கு, திரும்ப லாரிக்கு என்று முடிவே வராது. பள்ளிக்கூடத்தில் படித்த இரட்டைச் சமன்பாடாக எழுதினால் ஒரே தட்டில் முடியும். இரும்பு = 4.5 + லாரியில் ஐந்தில் ஒன்று. லாரி = 2 + இரும்பில் பத்தில் ஒன்று. விடை: இரும்பு 5, லாரி 2.5. போட்டுப் பாருங்கள், சரியாக வரும். இரண்டு தொழிலுக்குப் பதில் 357 தொழில், 357 சமன்பாடு, ஒரு கணினி. அவ்வளவுதான். ஆடிட்டரின் ஏ.சி.யும் இன்சூரன்ஸும் தாமாகவே உள்ளே வந்துவிடும், எந்தத் துளியும் சிந்தாது. ஒரு ரூபாய் முடிவெட்டுக்கும் ஒரு ரூபாய் வைத்தியத்துக்கும் எண் கிடைத்துவிடும்.

எனக்கு இந்த அட்டவணை மிகவும் பிடிக்கும். ஒரு நாடே ஒருவரிடம் ஒருவர் வாங்கிப் பிழைப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் படம் வேறு இல்லை. ஆனால் அதற்குப் பொருள் தெரியாது, ரூபாய்தான் தெரியும். சந்தையில் 200 ரூபாய்க்கு விற்கும் பனியனும், அதே நூலில், அதே தையலில், ஒரு பெயர் பொறித்து 2,000 ரூபாய்க்கு விற்பதும் அட்டவணைக்கு ஒரே "ஆயத்த ஆடை". இரண்டாவதற்குப் பத்து மடங்கு ஆற்றல் என்று சொல்லிவிடும். அட்டவணைகள் வருடாவருடம் வருவதும் இல்லை, வரும்போது சில வருடம் பழையதாகிவிடும். அதற்குள் விலைவாசி மாறியிருக்கும், இயந்திரங்களும் மாறியிருக்கும். இறக்குமதிப் பொருளை உள்நாட்டில் செய்ததாகவே பாவிக்கும் அட்டவணைகளும் உண்டு. திருப்பூர்ப் பனியனை ஜெர்மன் ஆலையில் செய்ததாக நினைத்துக் கணக்குப் போட்டால் விடை எப்படிச் சரியாகும்? நாடுகளை இணைத்துப் போட்ட பெரிய அட்டவணைகள் இப்போது இருக்கின்றன. சிட்னி பல்கலைக்கழகத்தின் இயோரா அதில் ஒன்று. அவற்றில் பார்த்தால், இங்கே எரிந்த விறகும் நிலக்கரியும் அந்தப் பனியனைப் போட்டுக்கொள்ளும் ஊரின் கணக்கில் போய் உட்காரும். என் கருத்தில் அதுதான் நியாயமான இடம்.

இன்று நல்ல ஆய்வுகள் இரண்டையும் கலக்கின்றன. பெரிய படிகளுக்கு நேரில் மீட்டர், சின்னத் துளிகளுக்கு அட்டவணை. கலப்பு முறைக்கு நான் அடிக்கடி காட்டும் உதாரணம், 2004இல் எரிக் வில்லியம்ஸ் மேசைக் கணினிக்குப் போட்ட கணக்கு. அந்தக் கால 17 அங்குலக் குண்டுத் திரையோடு ஒரு கணினி செய்ய 6,400 மெகாஜூல். அதன் ஆயுள் முழுவதற்குமான ஆற்றலில் 81 சதவீதம் செய்வதிலேயே போய்விட்டது, வீட்டில் ஓட்டியது 19 சதவீதம்தான்.

வீட்டுக்கு வருவோம், ஒரு குடும்பம் வாங்கும் பொருள்களில் இதைவிடப் பெரியது கிடையாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வெங்கடராம ரெட்டியும் ஜெகதீஷும் 2003இல் வெளியிட்ட எண்களை இன்றும் நம் பக்கத்துப் பொறியாளர்கள் எடுத்தாள்கிறார்கள். ஒரு சூளைச் செங்கல் 4.25 மெகாஜூல். சிமென்ட் கிலோவுக்கு 5.85, இரும்புக் கம்பி 42, அலுமினியம் 236.8. எடைக்கு எடை பார்த்தால் செங்கல் சாது. ஆனால் வீட்டில் செங்கல் எத்தனை? 20,000 செங்கல் என்றால் 85,000 மெகாஜூல், சூளையில் எரிந்தது விறகானால் 5 டன்னுக்கு மேல். அவர்கள் கணக்கில் தூண் உத்தரம் எழுப்பிச் செங்கல் அடைத்த அடுக்குக் கட்டடத்துக்குச் சதுர மீட்டருக்கு 4.2 ஜிகாஜூல் (ஒரு ஜிகாஜூல் ஆயிரம் மெகாஜூல்), செங்கல் சுவரே பாரம் தாங்கும் வீட்டுக்கு 2.92, மண்ணும் கொஞ்சம் சிமென்டும் கலந்து அழுத்திய, சுடாத கல்லில் கட்டியதற்கு 1.61. ஆயிரம் சதுர அடிச் செங்கல் வீடு என்றால் 270 ஜிகாஜூல் வருகிறது. உங்கள் வீட்டு மின்சாரம் வருடத்துக்கு 1,800 யூனிட், எரிபொருளாகச் சொன்னால் 19 ஜிகாஜூல் சொச்சம். பால் காய்ச்சும் அன்றைக்கே, உங்களுடைய 14 வருடத்துக் கரண்ட் அந்தச் சுவர்களுக்குள் போய்விட்டது. சுடாத கல்லில் கட்டியிருந்தால் 8 வருடத்தோடு போயிருக்கும். எல்.இ.டி. பல்புக்கு யோசிக்கிற அளவு சுவருக்கு யாரும் யோசிப்பதில்லையே என்பது எனக்கு எப்போதும் உள்ள ஆதங்கம்.

ஹெரண்டீன் 1976இல் அமெரிக்கக் குடும்பங்களைப் பார்த்தபோது, ஏழை வீட்டின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 65 சதவீதம் நேரடியாக வாங்கியது, அதாவது மின்சாரம், எரிவாயு, பெட்ரோல். வசதியான வீட்டில் அது 35 சதவீதமாக இறங்கியது. மற்றதெல்லாம் பொருளுக்குள்ளும் சேவைக்குள்ளும் போனது. இந்தியாவுக்கு ஷோனாலி பச்சௌரியும் டேனியல் ஸ்ப்ரெங்கும் 2002இல் இதே வழியில் செய்தார்கள். 1983-84 முதல் 1993-94 வரை வீடுகளின் ஆற்றல் தேவை கூடிக்கொண்டே வந்தது. காரணங்களில் மக்கள்தொகையும் செலவழிக்கும் சக்தியும் எதிர்பார்த்தவைதான். மூன்றாவது காரணம் உணவும் வேளாண்மையும். அதே சோற்றுக்கு முன்னைவிட அதிக ஆற்றல். யூரியா மூட்டையையும் கிணற்று மோட்டாரையும் நினைத்தால் ஆச்சரியமில்லை.

நம்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வரிசையை நம்பலாம், தசமத்தை நம்பக் கூடாது. அலுமினியம் செங்கல்லைவிட எடைக்கு எடை பல மடங்கு என்பதும், விமானம் கப்பலைவிட என்பதும் யார் எப்படிக் கணக்குப் போட்டாலும் மாறாது. 16.2ஆ 17.1ஆ என்று சண்டை போட்டால் அதில் பொருள் இல்லை. என் பனியன் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், பஞ்சைப் பிரிக்கும் விதம், காற்றாலை இரண்டையும் மட்டும் மாற்றினால் 11 முதல் 17 வரை நகரும். யார் எண் சொன்னாலும் எதுவரை எண்ணினீர்கள், மின்சாரத்தை எப்படிப் பெருக்கினீர்கள், கூடவே வந்த பொருளுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேளுங்கள். இந்த மூன்றும் எழுதப்படாத அறிக்கையை நான் இரண்டாம் பக்கம் திருப்புவதில்லை.

இப்போது ஃபிரிட்ஜ். மேலே ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிள், ஓடும்போது எவ்வளவு யூனிட் என்பதை மட்டும் சொல்கிறது, செய்தபோது ஆனதைச் சொல்லாது. புது ஃபிரிட்ஜ் 50 கிலோ என்று வையுங்கள். இரும்பு, பிளாஸ்டிக், செம்பு, கம்ப்ரஸர் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 100 மெகாஜூல் என்று தாராளமாகவே போட்டாலும் 5,000. பழையது வருடத்துக்கு 500 யூனிட், புதியது 200 என்றால் மிச்சம் 300 யூனிட், 3,240 மெகாஜூல். ஒன்றரை வருடம் தாண்டியதும் புதியதைச் செய்த ஆற்றல் திரும்பி வந்துவிடும். போன், கணினி விஷயம் இதற்கு நேர் எதிர். அவற்றில் ஆற்றல் பெரும்பாலும் போவது தயாரிப்பதில்தான், ஓட்டுவதில் இல்லை. அதனால் உடையும்வரை வைத்திருப்பதே லாபம். ஒரு நிபந்தனை: பழைய ஃபிரிட்ஜ் நிஜமாகவே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். கொழுந்தியா வீட்டு மாடிக்கோ எக்ஸ்சேஞ்சில் இன்னொரு வீட்டுக்கோ போய் அங்கே கூடுதலாக ஓடினால், உங்கள் பில் குறையும், நாட்டுக்கு 5,000 மெகாஜூலோடு ஒரு ஃபிரிட்ஜ் கூடும்.

500 என்பது என் ஊகம். உங்களுடையது எவ்வளவு என்று பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே செருகும் சின்ன மீட்டர் ஒன்றை ஏழு நாள் போட்டுப் பாருங்கள், வரும் யூனிட்டை 52ஆல் பெருக்குங்கள். 350க்கு மேல் வந்தால் தயங்காமல் மாற்றலாம். அதற்குக் கீழே என்றால் கதவு ரப்பரை மட்டும் மாற்றி, பின்பக்கத் தூசியைத் தட்டிவிட்டு, இன்னும் சில வருடம் ஓட்டுங்கள்.